தையல் பாடம் யாருடைய சொத்து?

திருமலைராயன்பட்டினத்தில் இன்று ஒரு பெண் ரவிக்கை வெட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமானால், எந்த மாஸ்டரின் கடை வாசலிலும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. ஒரு செல்போன், நாலு பழைய செய்தித்தாள், ஒரு கத்தரிக்கோல், ஒரு இஞ்ச் டேப் இருந்தால் போதும். ரவிக்கை, பாவாடை, சுடிதார், ஆரி வேலை, குரோஷே, வயர் கூடை, பட்டு நூல் வளையல், பழைய சேலையில் மிதியடி என்று எதை வேண்டுமானாலும் தமிழிலேயே, காசு வாங்காமல், படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கும் வீடியோப் பாடங்கள் ஏராளமாக இருக்கின்றன. சொல்லிக் கொடுப்பவர்களில் மிகப் பலர் வீட்டிலிருக்கும் பெண்கள். எந்தப் பயிற்சிக் கூடத்திலும் பட்டயம் பெற்றவர்கள் அல்ல. தாமே வெட்டி, தாமே கெடுத்து, தாமே பிரித்துத் தைத்துக் கற்றவர்கள். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் ஊருக்கெல்லாம் கொடுக்கிறார்கள்.

அரிசி விலையும் வேலையின்மையும் பேசவேண்டிய பத்திரிகையில் ஊசி நூலுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். இது சிறு விஷயமென்று நாம் கருதவில்லை. உழைப்பாளியின் கையிலுள்ள அறிவு யாருக்குச் சொந்தம், அதைப் பகிர்ந்துகொண்டால் அதன் பலன் யாருக்குப் போகிறது என்ற பழைய கேள்விதான் இங்கே புது உருவத்தில் வந்து நிற்கிறது.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த இலவசப் பாடத்தை நாம் முழு மனதோடு வரவேற்கிறோம். ஆனால், பாடம் சொன்ன பெண்ணுக்குக் காலணாவும் இல்லாமல், அந்தப் பாடத்தின் நடுவே விளம்பரத்தைச் செருகிய கம்பெனிக்கு மட்டும் வரும்படி போய்ச் சேருகிற ஏற்பாட்டை நாம் ஏற்க முடியாது.

காஜா எடுத்த காலம்

தையற்கடையின் பழைய வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த மாறுதலின் அருமை புரியும். கடையில் சேரும் பையன் முதலில் தரையைப் பெருக்குவான். டீ வாங்கி வருவான். பிறகு கொக்கி வைப்பான், காஜா எடுப்பான். காஜாப் பையனாகவே அவனுக்கு ஆண்டுகள் கழியும். பிறகுதான் மெஷினில் உட்கார இடம் கிடைக்கும். ஆனால் வெட்டு மட்டும் மாஸ்டரின் கையை விட்டு எளிதில் இறங்காது. அவர் மேஜைமேல் துணியை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரிக்கோலை ஓட்டும்போது பக்கத்தில் நிற்பவனை ஏதாவது வேலை சொல்லி அனுப்பிவிடுவார்.

காரணம் என்ன? தைப்பது கை வேலை, பழகினால் வரும். வெட்டுவது கணக்கு. மார்புச் சுற்றளவை நான்கால் வகுத்து, தளர்வுக்கு எவ்வளவு, உட்தையலுக்கு எவ்வளவு விடுவது. கைக்குழியின் வளைவை எங்கே ஆழமாக்குவது. கழுத்து இறங்கினால் தோள் வழுக்காதிருக்க என்ன செய்வது. டார்ட்டை எங்கே பிடிப்பது — இந்தக் கணக்கைத் தெரிந்தவர் மாஸ்டர், தெரியாதவர் கூலியாள். இருவருக்கும் உள்ள கூலி வித்தியாசம் முழுவதும் அந்தக் கோட்டில்தான் இருந்தது. மாஸ்டரை நாம் கொடியவர் என்று சொல்லவில்லை. நாளைக்குத் தன் பக்கத்துக் கடையில் போட்டியாக உட்காரப்போகிறவனுக்கு இன்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தன் பிள்ளைகளுக்கு எதைப் போடுவது என்ற பயம் அவருக்கு. பிழைப்புக்குப் பிழைப்பு போட்டி என்று வைத்திருக்கிற சமுதாயத்தில் அறிவைப் பூட்டி வைப்பது ஒருவரின் குணக்கேடு அல்ல, அது தற்காப்பு.

இதே ஊரில் வேறொரு வழக்கமும் உண்டு. பட்டினச்சேரிக் கரையில் கிழிந்த வலையைப் போட்டுக்கொண்டு மீனவர்கள் பின்னும்போது, பக்கத்தில் உட்கார்ந்த சிறுவன் பார்த்துப் பார்த்தே முடிச்சைக் கற்றுக்கொள்கிறான். அதற்குக் கட்டணமும் இல்லை, ஒளிவும் இல்லை. நாளைக்கு அதே வலையை அவனும் சேர்ந்து இழுக்கப் போகிறான் என்பதால், அவனுக்குத் தெரிந்திருப்பது எல்லோருக்கும் நல்லது. உழைப்பு கூட்டாக இருக்கும் இடத்தில் அறிவும் பொதுவாக இருக்கிறது.

செல்போனில் வரும் தையல் பாடம், மாஸ்டரின் மேஜையில் இருந்த அந்தக் கோட்டைக் கடற்கரை மணலுக்குக் கொண்டுவந்துவிட்டது. அதுதான் அதன் பெருமை.

தானே கற்றவரின் தகுதி

பட்டயம் இல்லாதவர் பாடம் சொல்லலாமா என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நமது ஊரின் பழங்கதை ஒன்றையே நினைவூட்டலாம். திருமலைராயன் சபையில் அதிமதுர கவிராயரும் அறுபத்து நான்கு தண்டிகைப் புலவர்களும் பல்லக்கேறி வலம் வந்தார்கள். காளமேகம் வந்தபோது உட்கார இடம் தரவில்லை என்று கதை சொல்கிறது. அந்தக் காளமேகம் யார்? கோயில் மடைப்பள்ளியில் சோறு சமைத்தவர். கவித்திறமை அம்பிகையின் தாம்பூலத்தால் வந்தது என்று கதை கட்டினார்கள். சமையற்காரனுக்குத் தானாகக் கவி வராது என்பது அக்காலத்துப் பெரியோரின் தீர்மானம் போலும்! ஆசனத்தில் இருப்பவர்கள் ஆசனம் இல்லாதவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: நீ யாரிடம் படித்தாய்?

தானே கற்றவரிடம் ஒரு தனித் தகுதி இருக்கிறது. எந்த இடத்தில் தடுக்கி விழுந்தோம் என்பது அவருக்கு மறந்துபோவதில்லை. நாற்பது வருஷம் தைத்த மாஸ்டருக்கு, பாபின் கேஸை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்பது ஒரு கேள்வியாகவே தோன்றாது. புதிதாக மெஷின் வாங்கிய பெண் அங்கேதான் அரை நாள் திண்டாடுகிறாள். துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறதே, கீழ் நூலில்தான் கோளாறு என்று அதையே நோண்டிக்கொண்டிருப்பாள். கோளாறு பெரும்பாலும் மேல் நூலில் இருக்கும்: சரியாகக் கோக்கவில்லை, அல்லது இறுக்கம் போதவில்லை. இதைத் தானும் பட்டு அறிந்த ஒருத்தி, தன் கெட்டுப்போன துணியையே தூக்கிக் காட்டிச் சொல்லும்போது அந்தப் பாடம் மனதில் பதிகிறது.

குறை இல்லை என்றும் சொல்லமாட்டோம். தவறான அளவைச் சரி என்று சொல்லிக் கொடுத்தால், கேட்டவரின் நல்ல துணி பாழாகிறது. ஏழை வீட்டில் ஒரு ரவிக்கைத் துணி கெடுவது சிறு நஷ்டமல்ல. ஆகையால் முதல் வெட்டு எப்போதும் செய்தித்தாளில், இரண்டாவது பழைய வேட்டியில், மூன்றாவதுதான் புதுத் துணியில் என்ற ஒழுங்கைச் சொல்லிக் கொடுப்பவர்களும் கற்பவர்களும் கடைப்பிடிக்க வேண்டும்.

2020இல் கொரோனா ஊரடங்கின்போது கடைகள் மூடிக் கிடந்தன; முகக் கவசம் கிடைக்கவில்லை. அப்போது மத்திய சர்க்காரின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகமே வீட்டில் முகக் கவசம் தைப்பது எப்படி என்று ஒரு கையேடு வெளியிட்டது. உலகம் முழுவதும் வீட்டுப் பெண்கள் பழைய பருத்தித் துணியை எடுத்து, வீடியோவைப் பார்த்து, தைத்துக் கொடுத்தார்கள். ஆபத்துக் காலத்தில் நாட்டுக்கு உதவிய அறிவு, ஆபத்து நீங்கியதும் மறுபடி ‘பொழுதுபோக்கு’ ஆகிவிட்டது!

இந்தக் கடற்கரையின் பழைய பாடம்

கைத்தொழில் அறிவை இலவசமாகக் கொடுத்து, பலனை வேறொருவர் எடுத்துக்கொண்ட கதை சோழமண்டலக் கடற்கரைக்குப் புதிதல்ல. இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே அது நடந்திருக்கிறது.

அக்காலத்தில் இந்தக் கரையின் சாயத் துணிக்கும் சித்திரத் துணிக்கும் ஐரோப்பாவில் இருந்த மோகம் கொஞ்சமல்ல. துவைத்தாலும் போகாத சிவப்பையும் நீலத்தையும் பருத்தியில் ஏற்றும் வித்தை அங்கே தெரியாது. தன் நாட்டு நெசவு முதலாளிகளைக் காப்பாற்ற, பிரெஞ்சு அரசு 1686இல் இத்தகைய துணிகளுக்குத் தடையே போட்டது. தடை போட்டவர்களே வித்தையையும் தேடினார்கள். 1734ஆம் ஆண்டளவில் பொலியு என்ற பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயக்காரர்கள் பக்கத்தில் நின்று, வேலை ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, குறிப்பும் எழுதிப் பாரிசுக்குக் கொண்டுபோனார். படிப்படியாக விளக்கும் இன்றைய வீடியோவுக்கு அந்தத் துண்டுத் துணிகள் முன்னோடி எனலாம்.

1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1742இல் கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார், தம்மால் மதம் மாற்றப்பட்ட சாயத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்த செய்முறையை விரிவான கடிதமாகப் பிரான்சுக்கு எழுதினார். துணியை வெளுப்பது, கடுக்காயும் பாலும் சேர்த்து ஊறவைப்பது, படிகாரம் பூசுவது, சாயவேரில் கொதிக்க வைப்பது எல்லாம் அதில் அடங்கும். அந்தக் கடிதம் அச்சிட்டுப் பரப்பப்பட்டது. 1759இல் பிரான்சில் தடை நீங்கியது. அடுத்த ஆண்டே ஒபர்காம்ப் என்பவர் ழூயி என்ற ஊரில் தொடங்கிய அச்சுத் துணித் தொழிற்சாலை ஐரோப்பா முழுவதும் பேர்பெற்றது.

சொல்லிக் கொடுத்த சாயக்காரர்களின் பெயர் என்ன? வரலாற்றில் இல்லை. எழுதிய பாதிரியாரின் பெயர் இருக்கிறது. கொண்டுபோன அதிகாரியின் பெயர் இருக்கிறது. தொழிற்சாலை வைத்தவரின் பெயர் இருக்கிறது. கற்றுக் கொடுத்த கைகளுக்குப் பேரும் இல்லை, காசும் இல்லை.

அவர்கள் சொல்லிக் கொடுத்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. சாயம் ஏற்றும் வித்தையை உலகம் அறிவது உலகத்துக்கு நல்லதுதான். அறிவு ஒரு பக்கமும், அந்த அறிவை இலாபமாக மாற்றும் சாதனங்களான கப்பல், அச்சகம், தொழிற்சாலை எல்லாம் இன்னொரு பக்கமும் இருந்தன. அதில்தான் கேடு பிறந்தது.

விளம்பரக் கணக்கு

இன்றைய ஏற்பாட்டை இந்த வெளிச்சத்தில் பார்ப்போம். இப்பாடங்களில் மிகப் பெரும்பகுதி குவிந்து கிடக்கும் இடம் யூடியூப். அது 2005இல் தொடங்கியது. 2006இல் கூகுள் கம்பெனி அதை 165 கோடி டாலருக்கு வாங்கியது. பாடம் போட இடம் இலவசம், பார்ப்பதும் இலவசம். அப்படியானால் கம்பெனிக்கு வரும்படி ஏது? விளம்பரம்.

விளம்பர வரும்படியில் பாடம் செய்தவருக்கும் பங்கு உண்டு. நீள வீடியோ ஒன்றின் விளம்பரத்தில் 55 சதவீதம் கொடுப்பதாக விதி. ஆனால் அந்தப் பங்கைப் பெறத் தகுதி வேண்டும்: ஆயிரம் சந்தாதாரர்கள், அத்துடன் கடந்த 12 மாதங்களில் ஜனங்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். அல்லது 90 நாளில் குறு வீடியோக்களை ஒரு கோடி முறை பார்த்திருக்க வேண்டும்.

4,000 மணி என்பது 2,40,000 நிமிஷம். இருபது நிமிஷ ரவிக்கைப் பாடம் ஒன்றை ஒருவர் விடாமல் முழுவதும் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டாயிரம் பேர் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் எழுந்து போகிறவர்களே அதிகமானால் அதன் நான்கு மடங்கு, நாற்பத்தெட்டாயிரம் பேர் வேண்டும். இதையும் ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும்.

அந்த எல்லையைத் தொடாதவர்களின் பாடத்தில் விளம்பரம் வராது என்றுதானே நினைப்போம்? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2020 நவம்பரில் கம்பெனி தன் நிபந்தனைகளை மாற்றியது. முதலில் அமெரிக்காவிலும், 2021இல் மற்ற நாடுகளிலும் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பங்குத் திட்டத்தில் சேராத சிறியவர்களின் வீடியோவிலும் கம்பெனி விளம்பரம் போடலாம். அந்த வரும்படியில் அவர்களுக்குப் பங்கு இல்லை!

பெரிய கணக்கு உள்ளவருக்கு 55 பங்கு. சிறிய கணக்கு உள்ளவருக்குப் பூஜ்யம். சிறியவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருடைய உழைப்பும் சேர்ந்து கம்பெனியின் களஞ்சியத்தை நிரப்புகிறது. நெல் குறைவாக விளைந்த குத்தகைக்காரனுக்கு மேல்வாரமும் இல்லை, குடிவாரமும் இல்லை, எல்லாம் மிராசுதாருக்கே என்று சொன்னால் இந்த டெல்டாவில் யாராவது பொறுப்பார்களா? செல்போனுக்குள் நடப்பதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

‘பொழுதுபோக்கு’ என்னும் பெயர்

“அவர்கள் ஆசைக்காகச் செய்கிறார்கள், பொழுதுபோக்குக்குக் காசு எதற்கு?” என்று ஒரு வாதம் எழும். பெண்களின் உழைப்புக்குக் கூலி கொடுக்காமலிருக்க முதலாளித்துவம் கண்டுபிடித்த சொற்களில் இதுவும் ஒன்று.

மத்திய சர்க்கார் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிஷம் அதில் செலவிடுகிறாள். ஆண் 88 நிமிஷம். அந்த 289 நிமிஷத்துக்குப் பிறகு, அடுப்பை அணைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, மின்விசிறிச் சத்தம் பாடத்தில் கேட்கக்கூடாது என்று அதையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து ஒரு பெண் பாடம் எடுக்கிறாள். துணி அவளுடையது, நூல் அவளுடையது, செல்போனும் மின்சாரமும் அவளுடையவை. மறுநாள் “அக்கா, கைக்குழி இழுக்கிறதே, என்ன செய்ய?” என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் எழுதுவதும் அவளே. இதை வேலை என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

ஆசையோடு செய்யும் வேலையும் வேலைதான். பாட்டுக் கச்சேரி செய்பவர் ஆசையில்லாமலா பாடுகிறார்? அவருக்குச் சன்மானம் கொடுப்பதில்லையா?

இன்னொரு பக்கமும் கவனிக்கத் தக்கது. கற்றுக் கொடுப்பவர் தம் கற்பவரிடம் காசு கேட்கவில்லை, கேட்கவும் விரும்பவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மை பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு உரியது. உலகத்துப் பெரும் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்றுக்கு அதைத் தானமாக எழுதி வைத்ததாக யாரும் அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது.

தையற்காரர்களின் குறை

நமது ஊர்த் தையற்காரர்களும் குறைப்படுகிறார்கள். “எல்லோரும் வீட்டிலேயே தைத்துக்கொண்டால் எங்கள் பிழைப்பு என்னாவது?” என்ற அவர்கள் கேள்வியைத் தட்டிக்கழிப்பது சரியல்ல. ஆனால் தையற்காரரின் வயிற்றில் அடித்தது எது? வீட்டில் தன் பெண்ணுக்குப் பாவாடை தைத்துக்கொண்ட தாயா, அல்லது மலிவு விலை ரெடிமேட் துணியைக் கப்பல் கப்பலாகக் குவித்த பெரு வியாபாரமா?

1830இல் பிரான்சில் திமோனியே என்ற ஏழைத் தையற்காரர் தையல் மெஷின் ஒன்றைச் செய்து உரிமை பெற்றார். ராணுவ உடுப்புத் தைக்க அந்த மெஷின்கள் பாரிசில் வைக்கப்பட்டன. பிழைப்புப் போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் கூட்டமாக வந்து அவற்றை உடைத்து நொறுக்கினார்கள். செய்தவரும் ஏழை, உடைத்தவர்களும் ஏழைகள். பிறகு நடந்தது என்ன? 1856இல் அமெரிக்காவில் சிங்கர் முதலான கம்பெனிகள் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டணி கட்டிக்கொண்டு, 1877 வரை மெஷின் செய்யும் மற்றவர்களிடம் கட்டணம் வசூலித்தன. ஏழைகள் ஒருவரோடொருவர் சண்டையிட்டார்கள். மெஷின் பணக்காரனுக்குப் போயிற்று.

மெஷினோடு உழைப்பாளியின் துயரம் குறைந்ததா? 1863இல் லண்டனில் மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுத் தையற்பெண், அரச விருந்துக்கு உடை தைக்க இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாது உழைத்து மாண்டாள். மார்க்ஸ் அதைத் தமது மூலதனம் நூலில் பதிவு செய்தார். சரியாக 150 ஆண்டு கழித்து, 2013 ஏப்ரல் 24இல் வங்காள தேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். ஐரோப்பியக் கடைகளுக்கு உடுப்புத் தைத்த தொழிலாளர்கள் அவர்கள், பெரும்பாலோர் பெண்கள். அந்தக் கட்டடத்தில் விரிசல் கண்டும் வேலைக்கு விரட்டப்பட்டார்கள்.

ஆகவே தையற்காரரின் எதிரி இலவசப் பாடம் அல்ல. இன்னும் சொன்னால், பாடம் அவருக்குத் துணையாகவே நிற்கிறது. ஒரு ரவிக்கையைத் தானே ஒருமுறை வெட்டித் தைத்து, கைக்குழி சரியாக உட்காராமல் இரண்டு முறை பிரித்தவள், அடுத்த தீபாவளிக்குத் தையற்காரரிடம் போய்க் கூலியில் பத்து ரூபாய் பேரம் பேசமாட்டாள். அந்தக் கூலிக்குள் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பது அவள் விரலுக்குத் தெரியும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் உழைப்பாளியின் நியாயத்தை ஊர் ஜனங்கள் உணர, இதைவிட நல்ல பிரசாரம் வேறில்லை.

என்ன செய்யவேண்டும்?

இப்போது காரியத்துக்கு வருவோம்.

முதலாவது, சர்க்கார் செய்யவேண்டியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்மேல் தொழிலாளர்களுக்கு எத்தனையோ குறைகள் உண்டு. ஆயினும் அதன் ஏழாவது அட்டவணையைப் படித்துப் பாருங்கள். எந்தெந்த இணையக் கம்பெனிகள் தொழிலாளர் நிதிக்குப் பணம் கட்டவேண்டும் என்ற பட்டியலில், வாடகைக் காரும் உணவு விநியோகமும் மட்டுமல்ல, உள்ளடக்கமும் ஊடகச் சேவையும் என்ற இனமும் இருக்கிறது. ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் கட்டவேண்டும் என்கிறது சட்டம். வீடியோப் பாடம் செய்பவர் அந்தச் சட்டத்தின்படி தொழிலாளியா, இல்லையா? ஆம் என்று சர்க்கார் தெளிவாக அறிவிக்க வேண்டும். பங்குத் திட்டத்தில் சேராதவரின் பாடத்தில் விளம்பரம் போட்டால், அதற்குரிய பங்கு அவருக்குச் சேரவேண்டும். அவர் வேண்டாமென்றால் விளம்பரமே போடக்கூடாது. இந்த இரண்டும் நியாயமான கோரிக்கைகள்.

2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்களில் தையலும் ஒன்று. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவிக்கு 15,000 ரூபாய் என்று கொடுக்கிறார்கள். குடும்ப வழித் தொழில் என்ற சாதி வாடையடிக்கும் அடிப்படையை நாம் கண்டிக்கிறோம். அது ஒருபுறமிருக்க, கற்பவருக்கு நாட்படி கொடுப்பது நியாயமென்று சர்க்காரே ஒப்புக்கொண்ட பிறகு, ஆயிரக்கணக்கானோருக்குக் கற்றுக் கொடுப்பவரின் உழைப்புக்கு மதிப்பே இல்லையென்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, நாமே செய்யவேண்டியது. பாடம் ஒரு கம்பெனியின் கிட்டங்கியில் மட்டும் இருந்தால், கம்பெனி நினைத்த நாளில் கதவை அடைக்கலாம். அறிவைப் பொதுச்சொத்தாகவே வைத்துக் காக்க முடியும் என்பதற்குத் தமிழர்களிடமே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தமிழர்கள் கூலியின்றித் தட்டச்சு செய்து கொடுத்த தமிழ் நூல்களை இன்றும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. குப்பையிலிருந்து பொம்மை செய்து விஞ்ஞானம் கற்பிக்கும் அரவிந்த் குப்தா, தம் நூல்களையும் படங்களையும் தம் இணையதளத்திலேயே இலவசமாகக் கொடுத்து வருகிறார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. நம் பெண்களும் தங்கள் பாடத்தின் பிரதியைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும். அளவுக் கணக்கையும் வெட்டுப் படத்தையும் தாளில் வரைந்து, ‘யாரும் எடுக்கலாம், பெயரைச் சொல்லவும், விற்கக்கூடாது’ என்று எழுதி வைக்க வேண்டும். இத்தகைய நிபந்தனைகளைச் சட்டப்படி செல்லுபடியாக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதலே இருக்கின்றன. யாரிடம் கற்றோமோ அவர் பெயரைச் சொல்லிவிட்டுக் கற்றுக் கொடுப்பதை வழக்கமாக்க வேண்டும். அன்றைய சாயக்காரர்களுக்குக் கிடைக்காத அந்த மரியாதையைச் செய்யப் பணம் வேண்டியதில்லை.

மூன்றாவது, ஊரில் செய்யவேண்டியது. செல்போனில் பாடம் இருக்கிறது. மெஷின் எத்தனை வீட்டில் இருக்கிறது? பாடத்தைப் பார்த்துவிட்டு மெஷின் இல்லாமல் பெருமூச்சு விடும் பெண்கள் நமது கொம்யூனில் உண்டு. பொது நூலகத்திலோ வாசகசாலையிலோ நாலு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஒரு பெரிய திரை, நல்ல விளக்கு இவற்றைப் போட்டால் போதும். வாரம் இரண்டு மாலை பெண்கள் கூடிப் பார்த்து, கூடி வெட்டி, கூடித் தைக்கலாம். வேலை குறைந்த மூத்த தையற்காரரை அழைத்து, கொம்யூன் பஞ்சாயத்து அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்துப் பிழை திருத்தச் சொல்லலாம். வீடியோவால் செய்ய முடியாதது அதுதான். திரையில் இருப்பவர் நம் கையைப் பிடித்துக் கத்தரிக்கோலைத் திருப்ப முடியாது. மாஸ்டருக்குப் பயம் நீங்கும். கற்பவர்களுக்குப் பிழை நீங்கும். இந்தக் கோரிக்கையைக் கொம்யூன் அலுவலகத்தில் மனுவாகக் கொடுக்க மாதர்களும் தையற்காரர்களும் சேர்ந்தே போகவேண்டும்.

புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் பிரெஞ்சுப் போலீசின் குண்டுக்கு இரையானார்கள். தோழர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை நாள் சட்டமாயிற்று. அதற்கு முன்பு ஆலைக்குள் போன தொழிலாளியின் மணிகளை முதலாளி மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தான். தொழிலாளர்கள் கூடித் தங்கள் மணிகளைத் தாங்களே எண்ணத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது.

இன்று கம்பெனி, பார்ப்பவர்களின் நாலாயிரம் மணியை நொடி பிசகாமல் எண்ணுகிறது. சொல்லிக் கொடுத்தவளின் மணியை எண்ணுவார் இல்லை. பாடம் செய்யும் சகோதரிகள் இந்த மாதம் முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும்: இத்தனை மணி, இத்தனை மீட்டர் துணி, இத்தனை கேள்விக்குப் பதில், இத்தனை விளம்பரம், வந்த காசு இவ்வளவு. பத்துப் பேர் எழுதிய நோட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், கோரிக்கை மனுவின் முதல் பக்கம் தயாராகிவிடும்.